இன்னொரு வயிறு

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிக் கிடந்த சோற்றை வயிறு முட்டத் தின்ற சிலம்பாயியின் பசு, நான்கு நாளாக அசை போடவில்லை. கால்நடை மருத்துவர் நஸ்ரின் அதன் இடப்பக்க விலாவைத் தட்டிப் பார்த்தார்.

"சோறு உள்ள புளிச்சு, வயித்துல இருந்த நல்ல கிருமியெல்லாம் செத்துப்போச்சும்மா. தீவனத்தைச் செரிக்கற கிருமி வாயு விடும். அந்த வாயுவைத் தின்னு இன்னொரு கிருமி பொழைக்கும். ஒண்ணுக்கொண்ணு துணை. இப்ப எதுவுமே இல்ல. அப்பத்தான் அறுத்த வேற மாட்டோட வயித்துத் தண்ணி சூடு ஆறாமக் கெடைச்சா ஊத்திப் பாக்கலாம்."

சிலம்பாயி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மாடு அறுக்கும் கூடத்துக்கு ஓடினாள். அங்கே ஒரே ஒரு கிழப்பசு கட்டியிருந்தது. அவளைப் பார்த்தபடி நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்மா," என்றார் அறுப்புக்காரர் காசிம்.

"அதுவரைக்கும் எம்மாடு தாங்காதுங்க பாய். இப்பவே அறுத்துருங்க!"

கத்திய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கிழப்பசு அசை போடுவதை நிறுத்தவில்லை. காசிம் கயிற்றை அவிழ்த்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சூடான பிளாஸ்க்கை வயிற்றோடு அணைத்தபடி வீடு திரும்பினாள். நஸ்ரின் குழாய் வழியாக ஊற்றினார். மறுநாள் மத்தியானம் பசு கழுத்தை நீட்டி ஒரு நீண்ட ஏப்பம் விட்டது.

"கிருமிங்க வேலைய ஆரம்பிச்சிருச்சும்மா," என்று நஸ்ரின் சிரித்தார்.

சிலம்பாயி பசுவின் முகத்தைத் தடவ எழுந்து போனாள். தொடுவதற்குக் கை வரவில்லை.