ஐசபெல்லாவின் பக்கம்

அயர்லாந்தின் அந்தச் சிறிய பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் பழைய பதிவேடுகள் ஹெஸ்டரின் பொறுப்பில் இருந்தன. தன் கொள்ளுப்பாட்டி ஐசபெல்லாவைத் தேடி கனடாவிலிருந்து வந்த கிழவரிடம், "அந்த வருஷத்துப் புத்தகம் எரிஞ்சுபோச்சுங்க" என்றாள்.

புத்தகம் அலமாரியில்தான் இருந்தது. மணமாகாமல் பிள்ளை பெற்ற ஐசபெல்லா, சபையை நடத்திய மூப்பர்களில் ஒருவரான ஹியூதான் தகப்பன் என்று சொன்னாள். பொய்க்காரி என்று சபை அவளைத் தள்ளிவைத்தது. அவள் கனடாவுக்குக் கப்பலேறிய பிறகு ஹியூ ஒப்புக்கொண்டார். எல்லாம் அதில் எழுதியிருந்தது. ஹியூ, ஹெஸ்டரின் கொள்ளுத்தாத்தா.

"பரவாயில்லைம்மா. அவ பொய் சொல்லலைன்னு எங்கயாவது எழுதியிருக்குமோன்னு பார்த்தேன்" என்று கிழவர் எழுந்து போனார்.

ஹெஸ்டர் அலமாரியைத் திறந்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள். கிழவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எரியலைங்க" என்றாள். பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். கிழவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.