கேற்றடிக் கோபம்

வெக்ஸ்போர்ட்டில் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்று. சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. பதாகை பிடித்தபடி நாங்கள் பத்துப் பேர் கேற்றடியில் நின்றோம்.

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் வான் வந்தது. உள்ளே தவக்குமார் இருந்தான். என் அடுக்குமாடியில் குடியிருப்பவன். முகத்தைப் பார்த்தாலே நம்ப முடியாத ஆள்.

வானை மறித்தேன்.

"கருங்காலி. அடுத்தவன்ரை சோத்திலை கை வைக்க வெக்கமில்லையே?"

"வழியை விடுங்கோ அண்ணை. பிந்திப் போனா என்ரை வேலை போயிடும்."

"போகட்டும். உங்களாலைதான் சங்கமே சாகுது."

பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். பொலிஸ் வந்துதான் வானை உள்ளே விட்டது.

பின்னேரம் அதே வான் வெளியே வந்து எங்களருகில் நின்றது. ஏறினோம். தவக்குமார் தள்ளியிருந்து எனக்கு இடம் விட்டான்.

முன்சீற்றில் இருந்த ஏஜென்சிக்காரி நிலாணி திரும்பிப் பார்த்தாள்.

"அங்கிள், நல்லாய்க் கத்தினீங்களாம். சங்கத்துக்காரருக்குச் சரியான சந்தோசம். அவையின்ரை ஆக்கள் எல்லாரும் வேறை வேலைக்குப் போயிட்டினம். நாளைக்கும் பதாகை பிடிக்க எங்களிட்டைத்தான் பத்துப் பேர் கேக்கினம்."

"குளிருக்கு முழங்கால் ஏலாது பிள்ளை. நாளைக்கு என்னை உள்ளுக்கு அனுப்பு. இவன் கேற்றடியிலை நிக்கட்டும்."

தவக்குமார் தலையாட்டினான்.

"நிக்கிறன் அண்ணை. ஆனா நாளைக்கு நான் கருங்காலி எண்டு கத்தேக்கை, கோவிக்கக்கூடாது."