பக்கத்து வீட்டுத் தண்ணீர்

விலைக்கு வந்த வீட்டுக்குள் காலை வைக்காமலேயே தாயம்மாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள்.

புரோக்கர் சாவிக்கொத்தும் கையுமாக வாசலில் நின்று விழித்தார். அவள் கணவர் ஜோதிலிங்கம் விழிக்கவில்லை. அவருக்கு இது பழகிப்போன கூத்து.

யமுனைக்கு அக்கரையில் எந்தக் காலனிக்கு வீடு பார்க்கப் போனாலும் தாயம்மாள் முதலில் அக்கம்பக்கத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். தண்ணீரின் ருசியும் தெரியும், கொடுக்கிறவர்களின் மனசும் தெரியும் என்பது அவள் கணக்கு.

ஒரு காலனியில் கதவே திறக்கவில்லை. இன்னொன்றில் ஒரு பெரியவர், "பானி காரா ஹை" என்று எச்சரித்துத்தான் கொடுத்தார். தண்ணீரில் ஏது காரம் என்று ஜோதிலிங்கம் ஒரே மடக்காகக் குடித்து முகத்தைச் சுளித்தார். இத்தனை வருஷம் டில்லியில் சர்க்கார் சம்பளம் வாங்கியும், உப்புத் தண்ணீரைத்தான் இந்திக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தாயம்மாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. அவர் ஓய்வு பெறச் சில மாதங்கள்தான் இருந்தன. அதற்குள் லோதி ரோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இந்த வீட்டையும் விட்டால் சாமான்களை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று இருவருக்குமே தெரியாது.

அந்த நேரம் பார்த்து இவ்வளவு நல்ல வீடு இவ்வளவு மலிவாக வந்ததுதான் அவளைச் சந்தேகப்பட வைத்தது.

இங்கே இருந்த சர்தார்ஜி குடும்பம் சொந்தக்காரர்களோடு இருக்க லூதியானாவுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான் என்றார் புரோக்கர். யாரும் கேட்காமலேயே இன்னொரு தடவையும் அவ்வளவுதான் என்றார்.

சுவரில் புதுச் சுண்ணாம்பு. வாசல் கதவும் புதுசு. விற்றுவிட்டுப் போகிற மனிதன் கதவை எதற்கு மாற்றினான்?

பக்கத்து வீட்டு அம்மாள் வகிட்டில் செந்தூரமும் வாய் நிறையச் சிரிப்புமாக வந்தாள். தண்ணீர் என்றதும் உள்ளே ஓடி, மூன்று எவர்சில்வர் டம்ளர்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அதற்குள் ஆண்கள் இருவரும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"பீஜியே பெஹன்ஜி, மீட்டா பானி ஹை," என்றாள்.

தித்திக்கிற தண்ணீர் என்று சொன்னதோடு அவள் நிறுத்தவில்லை. யமுனைக்கு இந்தப் பக்கம் இப்படித் தண்ணீர் எங்கேயும் கிடைக்காதாம். இந்தத் தெருவே ஒரே குடும்பமாம். ராத்திரி கதவைத் திறந்துபோட்டுத் தூங்கலாமாம்.

முன்னே இருந்தவர்கள் எப்படி என்று தாயம்மாள் கேட்டாள். பழக்கமில்லை, பேர்கூடத் தெரியாது என்றாள் அந்த அம்மாள். சிரிப்பு அப்படியே இருந்தது.

ஒரே குடும்பமாக இருக்கிற தெருவில் அடுத்த வீட்டுக்காரி பேர் தெரியாதா? இதை மட்டும் தாயம்மாள் வாய்விட்டுக் கேட்கவில்லை.

புரோக்கர் வாய் வைத்துக் குடித்தார். டில்லிக்கு வந்து கெட்டுப்போன ஜோதிலிங்கமும் வாய் வைத்துத்தான் குடித்தார். தாயம்மாள் எங்கே போனாலும் அண்ணாந்துதான் குடிப்பாள். டம்ளரை உயர்த்தி வாயில் ஊற்றிக்கொண்டாள்.

நிஜமாகவே தித்தித்தது. அப்பாடா, ஒரு வழியாக வீடு கிடைத்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது.

அப்போதுதான் டம்ளரின் விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பேர் கண்ணுக்கு நேரே வந்தது. பஸ் போர்டு பார்த்துக் கற்றுக்கொண்ட இந்தியில் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

சுர்ஜீத் கௌர்.

கௌர் என்றால் சர்தார்ஜி வீட்டுப் பெண். தண்ணீர் புரையேறியது. இருமிக்கொண்டே கணவர் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். அதிலும் அதே பேர். புரோக்கரின் விரல் இடுக்கிலும் ஒரு 'கௌர்' தெரிந்தது.

இரவல் வாங்கியதாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். பேர்கூடத் தெரியாதவளிடம் யார் டம்ளர் டம்ளராக இரவல் வாங்குவார்கள்?

போன நவம்பரில், பிரதமர் சுடப்பட்டதற்குப் பழி என்று சர்தார்ஜி வீடுகளைத் தேடித் தேடிக் கொள்ளையடித்துக் கொளுத்தியபோது, அவளும் ஜோதிலிங்கமும் குவார்ட்டர்ஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கிருந்தோ வந்த ஆட்கள் செய்த காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். எங்கிருந்தோ வந்தவர்கள் பாத்திரத்தைப் பக்கத்து வீட்டு அலமாரியிலா அடுக்கிவிட்டுப் போனார்கள்?

அவள் வீட்டு டம்ளர்களிலும் பேர் வெட்டியிருந்தது. தாயம்மாள் என்று தமிழில். நாளைக்கு அவை எந்த வீட்டில் யார் வாய்க்குப் போகும்?

"என்ன தாயி, தண்ணி எப்படி? முடிச்சிருவமா?" என்றார் ஜோதிலிங்கம். முகமெல்லாம் மலர்ச்சி. டம்ளரைக் காலி செய்திருந்தார்.

"உப்பு. வாயில வைக்க முடியல. இந்த வீடு நமக்கு வேண்டாங்க."

அவர் அவளையும் காலி டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் உப்பாம், வேண்டாம் என்று புரோக்கரிடம் இந்தியில் சொன்னார்.

புரோக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும்தானே குடித்தேன், சர்பத் மாதிரி இருக்கிறது, எது உப்பு என்று குதித்தார். வேண்டுமானால் தினமும் குடிக்கிற இந்த அம்மாளையே கேட்டுப் பாருங்கள் என்றார்.

அந்த அம்மாள் தாயம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் வீட்டுத் தண்ணீருக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. மூன்று டம்ளர்களையும் பிடுங்காத குறையாக வாங்கி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.