கால் மணி நேரப் பஞ்சாயத்து

"யுத்தம் நாலு வருசமா நடக்கு. ஒருத்தனாலயும் முடிக்க முடியல. புருசன் பொண்டாட்டி சண்டையா? எங்கிட்ட அனுப்பு. கால் மணி நேரம் போதும்."

தூத்துக்குடியில் கோயில்பிள்ளை செல்வதுரை இப்படிச் சொல்லாத நாள் கிடையாது. மாதா கோயில் மணியை அடித்து முடித்ததும் பொடிமட்டையும் கடிகாரமுமாக வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார். அவர் சேர்த்து வைத்த ஜோடி எதுவும் திரும்பி வந்ததில்லை.

இசபெல்லாவும் கஸ்பாரும் மட்டும் மூன்றாவது தடவையாக வந்து நின்றார்கள்.

இசபெல்லா அடாவடிக்காரி என்று தெருவே சொன்னது. முதல் தடவை, புருசன் குறட்டை விட்டானாம். அடுத்த தடவை, மீன் குழம்பில் புளி அதிகம் என்று சொல்லிவிட்டானாம். இந்தத் தடவை காரணமே சொல்லாமல் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கஸ்பார் பாவம், சங்கு குளிக்கிறவன். கடலுக்கடியில் இருப்பவனை மேலே இழுக்கிற கயிறு மச்சினன் கையில்தான் இருக்கும். தங்கச்சி தாலிமேல் அண்ணனைவிட யாருக்கு அக்கறை இருக்கும்? ஆனால் தங்கச்சி கோபித்துக்கொண்டு வந்துவிட்டால் அண்ணன் கயிற்றைத் தொட மாட்டான். சீசன் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கால்ல வேணும்னாலும் விழுதேன். நாளைக்குக் கடலுக்குப் போவணும். அவள வரச் சொல்லுங்க," என்றான் கஸ்பார்.

கோயில்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளால் தன் பேரல்லவா கெட்டுப்போகிறது! கஸ்பாரைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு, இசபெல்லாவை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவள், கிணற்றடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"நீங்க சேத்து வச்ச ரெண்டு தடவையும் மறுநாளே கடல்ல எறங்கினாரு அண்ணாச்சி. ரெண்டு தடவையும் காதுல ரத்தத்தோட வந்தாரு. புண்ணு ஆறுமுன்ன இன்னொருக்க முங்கினா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்காரு. பயந்தாங்கொள்ளின்னு ஊரு சிரிக்குமாம். அதான் சண்டை போடுதேன். எங்க அண்ணனுக்கும் தெரியும்."

கோயில்பிள்ளை கடிகாரத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டு கஸ்பாரைக் கூப்பிட்டார்.

"தீந்துச்சா அண்ணாச்சி?" என்று ஓடி வந்தான்.

"எங்கலே தீரும்? இது லேசுப்பட்ட சண்டை இல்ல. தெனம் விடியக்காலம், படகு கெளம்புத நேரத்துக்கு ரெண்டு பேரும் இங்க வந்து உக்காருங்க. சீசன் முடியுத வரைக்கும் புத்தி சொல்லணும்."