நிழல் விழுந்த இடம்

மைதானத்தில் இருந்தவர்கள்: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். சுண்டல் அண்டாவோடு சத்துணவு ஆயா. செல்போனைப் பார்த்தபடி ஒரு வார்டு மெம்பர். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தெருப் பெண்கள். மைக்கோடு அறிவியல் வாத்தியார். நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் அவள், வாத்தியார் மனைவி, ஏழு மாதக் கர்ப்பம். இன்னொன்றில் எதிர்வீட்டுக் கோகிலவாணி, ஐந்து மாதம்.

கோகிலவாணியை அந்த நாற்காலிவரை கொண்டுவர அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

போன பௌர்ணமிக்குச் சந்திர கிரகணம். கோகிலவாணியை உள்ளறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் சுவரோரம் நின்று சொன்னாள்.

"தண்ணி குடுக்கலீங்க்கா. அரிச்சா சொறியக்கூட விடலீங்க. கொழந்தைக்குத் தழும்பு வந்துருமாம்."

கல்லூரியில் இரண்டு வருடம் இயற்பியல் படித்தவள் கோகிலவாணி.

அன்றிலிருந்து வாத்தியார் மனைவி, அமாவாசைக்கு வரும் சூரிய கிரகணத்தைப் பார்க்க அவளை அனுப்பச் சொல்லி, அந்த வீட்டு வாசலுக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் மாமியார் நாச்சம்மா ஒரு பேச்சு சொன்னாள்.

"வாத்தியார் சம்சாரம் உக்காரட்டும். எம் மருமவளும் உக்காருவா."

உட்கார்ந்தார்கள்.

சாயங்கால வெயில் முகத்துக்கு நேராக அடித்தது. இருவரும் கிரகணம் பார்க்கிற கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். கிரகணத்தின்போது சாப்பிடலாம் என்று காட்ட, ஆளுக்கொரு தொன்னை சுண்டல்.

பிள்ளைகள் கத்தினார்கள். சூரியனின் ஓரம் குறைந்துவிட்டது.

"அக்கா, கடிச்சு வெச்ச பிஸ்கோத்தாட்டம் இருக்குது!"

கோகிலவாணி சிரித்தாள். அவள் சிரித்து இவள் பார்த்தது அதுதான் முதல்முறை.

"இது வெறும் நிழல்," என்று மைக்கில் புருஷன் குரல். "நிலாவோட நிழல். நம்மை ஒண்ணும் பண்ணாது."

அப்போது அவள் கண்ணாடிக்குள் எல்லாம் இருண்டது.

மேகம் என்று நினைத்தாள். கழற்றினாள்.

எதிரே அவன் நின்றிருந்தான். முதுகு சூரியனுக்கு. அவன் நிழல் அவள் வயிற்றின்மேல் கிடந்தது.

தற்செயல் என்றுதான் நினைத்தாள். நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினாள்.

அவனும் நகர்ந்தான்.

மூன்று வருடத்துக்கு முன் அவர்களுக்கு ஒன்று கலைந்தது. அன்றைக்கு எந்தக் கிரகணமும் இல்லை. அதை அவளுக்குச் சொன்னவனே அவன்தான்.

"தள்ளுங்க," என்றாள் மெதுவாக. "எல்லாரும் பாக்கறாங்க."

அவன் தள்ளிப் போகவில்லை. நெற்றியில் வேர்வை. மைக்கில் பேசிக்கொண்டே இருந்தான், பூமியைப் பற்றி, நிலாவைப் பற்றி. கால் மட்டும் அசையவில்லை.

வேலி ஓரத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது.

"ஏனுங் வாத்தியாரே," என்றாள் நாச்சம்மா. "உங்க புள்ளைக்கு மட்டும் கொடை புடிக்கறீங். எம் பேரனுக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். வார்டு மெம்பர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

அவன் விலகினான். சட்டென்று, சுட்டதுபோல.

நாச்சம்மா அதற்குள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். கோபம் ஒன்றும் இல்லை. சந்தைக் கூட்டத்தில் பிள்ளையைப் பிடிப்பதுபோல மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணாடியைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"அத்தை, இன்னும் ஒருக்கா..."

"தலைய நிமித்தாத. நட."

கோகிலவாணி குனிந்தபடி நடந்தாள்.

வாத்தியார் மனைவி பின்னாலேயே போனாள். சாலையைக் கடக்கும்வரை பேசிக்கொண்டே போனாள். அவர் பயந்துட்டாருங்க, அவ்வளவுதானுங்க, கிரகணத்துக்கும் எங்களுக்குக் கலைஞ்சதுக்கும் சம்பந்தமில்லீங்க என்றாள்.

"தெரியாதவங்க பயந்தா பரவால்ல, அம்மிணி," என்றாள் நாச்சம்மா. "தெரிஞ்சவரே பயப்படறாரு."



ஒலிபெருக்கி பேசிக்கொண்டிருந்தது. கர்ப்பிணிகள் தாராளமாக வெளியே வரலாம். எந்த ஆபத்தும் இல்லை.

கோகிலவாணி படியேறி உள்ளே போனாள்.

அவள் மட்டும் வாசலில் நின்றாள். வெயிலின் நிறம் மாறியிருந்தது. பழைய பித்தளைபோல. காக்கைகள் மரத்துக்குத் திரும்பின. திரும்பி மைதானத்தைப் பார்த்தாள். அவன் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மைக் வாய்க்கு நேராக இருந்தது.

அவன் கூப்பிடவில்லை.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள்.

நாச்சம்மா அவளும் உள்ளறைக்குள் போக வழிவிட்டு, கதவைச் சாத்தி, வெளியே பூட்டினாள்.