பீடத்தில் மிஞ்சிய பாதங்கள்

கொட்டகைக் கூரையின் ஓட்டை வழியே விழும் காலை வெயில், கல்பீடத்தின் மேல் நிற்கும் இரண்டு பாதங்களில் படுகிறது. கணுக்காலுக்கு மேலே ஒன்றுமில்லை. நேற்றுவரை அங்கே ஆளுயரத்துக்கு ஒரு தீர்த்தங்கரர், கைகளைத் தொங்கவிட்டு, அசையாமல் நின்றிருந்தார். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தவர். "ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சமணச் சிலைடா. அருங்காட்சியகத்துல வந்து எடுத்துட்டுப் போறவரைக்கும் பத்திரமா பார்த்துக்கோ" என்று தம்பியிடம் சாவியைக் கொடுத்தது அக்காதான். கல்வெட்டுகளைப் படியெடுப்பது அவள் வேலை.

"திருட்டுப் பசங்கக்கா. நான் நேத்தே வெளியூர் போயிட்டேன், இப்பதான் வந்து கதவையே திறக்கிறேன்." முக்காலியில் கால்மேல் கால் போட்டிருக்கும் தம்பி, முகத்தைத் தொங்கப்போடவும் மறக்கவில்லை. அவள் ஈரத்தாளைப் பீடத்தின் முகப்பில் ஒட்டி, தூரிகையால் தட்டுகிறாள். ஒவ்வொரு தட்டுக்கும், அறுத்த இடத்திலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்து தாளில் படிகிறது. அதே தூள் தம்பியின் காது மடிப்பில் இருக்கிறது. இமை மயிரிலும் இருக்கிறது. ஒரே ஒருமுறை பார்க்கிறாள். பிறகு மை தோய்த்த துணிப்பந்தால் தாளின் மேல் ஒற்றுகிறாள். கறுப்புக்குள் எழுத்துகள் வெள்ளையாக எழும்புகின்றன.

"என்னக்கா எழுதியிருக்கு?" அவன் எட்டிப் பார்க்கிறான்.

"சிலையை வச்ச ராஜா சொல்றார்டா. எனக்கப்புறம் இதைக் காப்பாத்துறவன் எவனோ, அவன் பாதம் என் தலைமேல இருக்கட்டும்னு."

தம்பி தன் கால்களை முக்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறான்.