ஏழாவது டம்ளர்

"காப்பி வேண்டாமுங்க" என்றாள் தாரணி, ஏழாவது வீட்டிலும்.

மாமியார் முறைத்தார். "பத்திரிக்கை வெக்க வந்த ஊட்டுல வேண்டாம்னு சொல்லப்படாது கண்ணு. குத்தமாப் போயிரும்."

நாத்தனார் கல்யாணம். கவனம் சிதறாமலிருக்கக் காலையில் போட்ட ஏ.டி.எச்.டி. மாத்திரையும் ஆறு வீட்டுக் காப்பியும் சேர்ந்து நெஞ்சுக்குள் தறி ஓட்டின. அவளோ சும்மாவே பதறுகிறவள். மாத்திரை விஷயம் மாமியாருக்குத் தெரியாது; தெரிந்தால் தொலைந்தாள்.

உள்ளிருந்து வந்த வீட்டுக்காரர் அவளைப் பார்த்துத் திகைத்தார். சொல்லிவிடாதீர்கள் என்று தாரணி கண்ணாலேயே கெஞ்சினாள்.

அவர் மாமியாரைப் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்து நீட்டினார்.

"நம்மூட்டுக்கு வந்துபோட்டுக் காப்பி குடிக்காமப் போனா எப்படிங்க அம்மணி?"

'இந்த மாத்திரையோடு காப்பியைத் தொடவே கூடாது' என்று போன வாரம் பீளமேட்டு கிளினிக்கில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்த அதே கை.